பழைய எம்டிபி சைக்கிள்: வழியில நிறுத்தி கேக்குற கேள்விகளுக்கு எல்லாம் என் பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துல திருவட்டார், ஆற்றூர், குலசேகரம் பக்கம் காலையில நீலக்கலர் பழைய எம்டிபில, அதாவது மவுண்டன் பைக்குன்னு சொல்ற மலை சைக்கிள்ல, ஒரு அக்கா போறத பாத்திருந்தீங்கன்னா அது நான்தான். டீக்கடை முன்னாடி வண்டிய சாய்ச்சு வச்சா போதும், யாராவது ஒருத்தர் வந்து ஹேண்டில்பார தடவிப் பாத்துட்டு "எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடந்துச்சு"ன்னு ஆரம்பிச்சிருவாங்க, பொறவு கேள்வி மேல கேள்வி. நின்னு பேச எனக்கு ஆசதான், ஆனா வேலைக்கு போகணும்ல, அதான் அடிக்கடி கேக்குறத எல்லாம் இங்க எழுதி வச்சிட்டேன்.

இது எந்த வருஷத்து வண்டிக்கா? உங்களுக்கு எப்படி கெடச்சுது?

1995. வாங்குனது எங்க அண்ணன். அப்பா ரப்பர் வெட்டுக்கு போற ஆளு, இருட்டோட தலையில லைட்ட கட்டிட்டு எறங்கிருவாரு. லீவு நாள்ல அண்ணனும் பின்னாடியே போயி மரத்துலயும் செரட்டையிலயும் காஞ்சு பிடிச்சுக் கெடக்குற ஒட்டுப்பால உரிச்சு சாக்குல சேப்பான். ஒட்டுப்பால் நாத்தம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், எத்தன சோப்பு போட்டாலும் கைய விட்டுப் போவாது, அந்தக் கையோடதான் சோறு திம்பான். அப்படி ரெண்டு வருஷம் சேத்த காசும் அம்மா சீட்டு எடுத்த பணமும் சேத்து மார்த்தாண்டத்துல ஒரு கடையில வாங்கி, அங்கிருந்து வீடு வரைக்கும் சவுட்டியே கொண்டு வந்தான். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கோயில் (சர்ச்) முத்தத்துல நிறுத்தி சாமியார்கிட்ட மந்திரிச்சு வாங்குனோம், அன்னைக்கு ரெண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு ஆட்டோவும் நின்னுச்சு, நடுவுல இது.

எனக்கு அப்ப 14 வயசு. தொடவே விட மாட்டான். துடைக்க மட்டும் விடுவான், துடைக்கிற சாக்குல நான் மணிய அடிச்சுப் பாப்பேன்.

1999ல அண்ணன் கல்ஃபுக்குப் போனான். போறதுக்கு மொத நாள் ராத்திரி முத்தத்துல என்னமோ தட்டுற சத்தம் கேக்குது, வெளிய வந்து பாத்தா ஸ்பேனர வச்சு சீட்ட எறக்கிட்டு இருக்கான். "ஏ பிள்ளே, ஏறி உக்காரு, கால் எட்டுதான்னு பாக்கட்டு"ன்னான். எட்டுச்சு. ஆணிய எடுத்து அந்த அளவுக்கு சீட்டுக் கம்பியில ஒரு கீறல் போட்டான். இப்பவும் கம்பியில ரெண்டு கீறல் இருக்கு, சீட்ட எறக்குனா கம்பி உள்ள போயிரும்ல, அதான் மேல இருக்குறது எனக்கு, கீழ இருக்குறது அவனுக்கு.

கீரே இல்ல, இதுக்கு எதுக்கு மலை சைக்கிள்னு பேரு?

இதத்தான் எல்லாரும் கேக்காங்க, கொஞ்சம் வெவரமாவே சொல்றேன். மவுண்டன் பைக் பொறந்தது அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல, மரின் கவுண்டின்னு ஒரு இடம், அங்க தமல்பையஸ்னு ஒரு மலை. 1970கள்ல அங்கத்த பையன்மாரு கொஞ்சப் பேரு, அவங்க தாத்தா காலத்து ஷ்வின் மாதிரி தடிச்ச டயர் சைக்கிள குப்பையில இருந்தும் பழைய சாமான் கடையில இருந்தும் பொறுக்கிட்டு வந்து, வேண்டாத மட்கார்டு கேரியர் எல்லாம் கழட்டி வீசிட்டு, மலை மேல கொண்டு போயி மண்ரோட்டுல கீழ விட்டுப் பாத்தாங்க. 1976 அக்டோபர் 21ல பக்கத்துல பைன் மவுண்டன்ங்கிற மலையில மொத பந்தயம். பாதை ரெண்டு மைலுக்கு கொஞ்சம் கூட, ஆனா 1,300 அடி எறக்கம். அந்த சைக்கிள்ல பெடல பின்னால சவுட்டுனாதான் பிரேக்கு, பிரேக்கு பின் சக்கரத்து நடுவுல உள்ள ஹப்புக்குள்ள இருக்கும், கீழ வந்து சேருறதுக்குள்ள சூடேறி உள்ள இருக்குற கிரீஸ் எல்லாம் பொகஞ்சு போயிரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஹப்ப பிரிச்சு புதுசா கிரீஸ் அடைக்கணும், அதனாலயே அந்த எறக்கத்துக்கு ரீபேக்னு, அதாவது திரும்ப அடைக்கிறதுன்னு, பேரு வந்துச்சு. கேரி ஃபிஷர் அதுல 4 நிமிஷம் 22 செகண்டுல எறங்குனாரு, அதுதான் அங்கத்த ரெக்கார்டு.

அவங்கள்ல ஜோ ப்ரீஸுங்கிறவரு 1977ல இதுக்குன்னே தனியா ஃப்ரேம் செஞ்சாரு. 1981ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர்னு ஃபேக்டரியில மொத்தமா செஞ்சு விக்க ஆரம்பிச்சுது, 1996ல அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்லயே மவுண்டன் பைக் போட்டி வந்துருச்சு. அண்ணன் வாங்குன மறு வருஷம்!

நம்மூருக்கு வந்து சேந்தது அதோட உருவந்தான், 26 இஞ்ச் தடிச்ச டயரு, நேரா நிக்கிற ஹேண்டில்பாரு, கனமான இரும்பு ஃப்ரேமு, பின்னால ஒரே ஒரு பல்சக்கரம். அதனால இத போலின்னு சொல்ற ஆளுங்க உண்டு, நான் ஒத்துக்க மாட்டேன். அந்த மலையில இத தொடங்கி வச்சவங்களும் ஆரம்பத்துல கீர் இல்லாத கனத்த பழைய சைக்கிள வச்சுத்தான் தொடங்குனாங்க, ஏத்தத்துல தள்ளிட்டோ வண்டியில ஏத்திட்டோதான் போனாங்க. நாங்களும் தள்ளிட்டுத்தான் போனோம்.

அப்ப ஊருல வேற என்னென்ன வண்டி ஓடுச்சு?

ஹெர்குலஸ் எம்டிபியும் ஹீரோ ரேஞ்சரும்தான் பையன்மாருக்கு உசுரு. பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் மெலிஞ்ச டயரு, மழமழன்னு ஓடும், ஆனா செம்மண் ரோட்டுக்கு நம்ம தடிச்ச டயர்தான் லாயக்கு. ஹெர்குலஸும் பிஎஸ்ஏவும் ரெண்டும் நம்ம சென்னை அம்பத்தூர்ல 1949ல தொடங்குன டிஐ சைக்கிள்ஸ் வண்டிதான், ஹீரோ லூதியானா. எங்க ஸ்கூல்ல கீர் வச்ச வண்டி மொத்தமே ஒண்ணுதான் வந்துச்சு, ஹேண்டில்ல பெருவிரலால தள்ளுற லிவரு, இப்ப மாதிரி டிக் டிக்குன்னு நிக்காது, செயின் சத்தத்த காதால கேட்டு லிவர அங்க இங்க நவுத்தி சரியா உக்கார வைக்கணும். இன்டர்வெல்ல அந்த வண்டிய சுத்தி ஒரு கூட்டம் நிக்கும்.

பொம்பளப்பிள்ள பார் வச்ச வண்டி ஓட்டுனா அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலியா?

சொன்னாங்க. ஒருபாடு சொன்னாங்க. காலேஜுக்கு இதுலதான் போனேன், சுடிதார் ஷால ரெண்டு சைடும் இறுக்கி முடிஞ்சிட்டு. பேன்ட் செயின்ல மாட்டாம இருக்க துணிக் கிளிப்ப கணுக்கால்ல போட்டுக்குவேன். எங்க தெருவுல ஒரு பாட்டி தெனமும் வேலிக்கிட்ட நின்னு "லேடீஸ் சைக்கிள் வாங்கித் தர உங்கப்பனுக்கு வக்கில்லியா"ன்னு கேக்கும். அப்பா ஒரு நாள் அத கேட்டுட்டு, "அவ அண்ணன் சைக்கிள் அவ ஓட்டுதா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அதுக்குப் பொறவு எவரு சொன்னதும் எனக்கு காதுல ஏறல.

எந்த ரூட்டு ரொம்பப் பிடிக்கும்?

சானல்கரை. வேற எது கேட்டாலும் பொறவுதான்.

நம்ம மாவட்டத்துல சைக்கிள் ஓட்ட தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்: மெயின் ரோடு எல்லாம் ஏத்தமும் எறக்கமுமா கெடக்கும், ஆனா பாசன சானல் தண்ணி ஓடுறதுக்காக வெட்டுனது, தண்ணி ஏத்தத்துல ஏறாதுல்ல, அதனால சானல்கரை ஏறக்குறைய மட்டமாவே மலைய சுத்தி சுத்திப் போகும். கீர் இல்லாத வண்டிக்கு அதவிட நல்ல பாதை கெடையாது. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் வாழையோ ரப்பரோ மரச்சீனியோ (மரவள்ளி), துணி துவைக்கிற அக்காமாரு, குளிக்கிற பிள்ளைங்க, மணிய அடிச்சுட்டே பைய போகணும்.

அப்படியே போனா மாத்தூர் தொட்டிப் பாலம். ரெண்டு மலைக்கு நடுவுல பறளியாறு ஓடுது, சானல் தண்ணி அந்தாண்ட போகணும், அதுக்காக 115 அடி ஒசரத்துல 28 தூணு நிறுத்தி தொட்டி மாதிரி கட்டி தண்ணிய ஆத்துக்கு மேலயே கொண்டு போயிருக்காங்க. காமராஜர் எடுத்த முயற்சி, 1966ல கட்டுனது. சைக்கிள வெளிய பூட்டி வச்சிட்டு நடுப்பாலம் வரைக்கும் நடந்து போயி கீழ பாத்தா தென்னமரத்தோட தல நம்ம காலுக்குக் கீழ தெரியும். சின்னதுல அண்ணன் என்ன கேரியர்ல வச்சு கூட்டிட்டு வந்த மொத இடம் இது.

பேச்சிப்பாறை கொஞ்சம் கஷ்டம், குலசேகரம் தாண்டுனா ஏத்தம் விடாது. ஆனா போகணும். 1897ல தொடங்கி 1906ல முடிச்ச டேமு, கட்டுன இஞ்சினியரு மிஞ்சின் துரைய நம்ம ஆளுங்க மூக்கன் துரைன்னு கூப்பிடுவாங்க, அவரு கல்லறையும் அங்கதான் இருக்கு. டேமுக்கரையில காத்து வாங்கிட்டு நிக்கும்போது வந்த ஏத்தம் எல்லாம் மறந்து போயிரும், திரும்பி வரும்போது பாதி வழி பெடலே போட வேண்டாம்.

ரப்பர் தோட்டத்து மண்பாதைக்கு நேரம் காலம் உண்டு. மார்கழி தையில எலை எல்லாம் கொட்டி மெத்த மாதிரி கெடக்கும், பாக்க அழகு, ஆனா அடியில கல்லு இருக்கா குழி இருக்கான்னு தெரியாது. ரப்பர்கொட்டை வெடிக்கிற சமயம் வெயில் ஏற ஏற பட் பட்டுன்னு மேல இருந்து சத்தம் வரும், கொட்டை கீழ உருண்டு கெடக்கும், வளைவுல டயர் அது மேல ஏறுனா வழுக்கி விட்டுரும். மழைக்காலத்துல போகவே வேண்டாம், அட்ட ஏறிரும்.

விழுந்திருக்கீங்களா?

பெருசா ஒரு தடவ. 2001 ஆனி மாச மழை, ஆற்றூர் பக்கம் ஒரு எறக்கம். பழைய வண்டியில ரிம்மு குரோம் பூசுன இரும்பு. காஞ்சு இருந்தா பிரேக் கட்டை நல்லா பிடிக்கும், நனைஞ்சா தண்ணி ஒரு படலமா நின்னு கட்டை ரிம்ம தொடவே தொடாது, நீங்க லிவர ஹேண்டிலோட சேத்து அமுக்குனாலும் வண்டி போயிட்டே இருக்கும். எனக்கு அது தெரியாது. நேரா ஒரு செம்மண் திட்டுல போயி ஏறி மரச்சீனி விளைக்குள்ள விழுந்தேன், முட்டுல ஏழு தையல்.

அன்னைக்குப் பொறவு ரெண்டு பழக்கம் வந்துச்சு. மழையில எறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே பிரேக்க லேசா தொட்டுத் தொட்டு விட்டு ரிம்முல இருக்குற தண்ணிய வழிக்கணும். ரெண்டாவது, நிறுத்த வேண்டிய தூரத்த ரெண்டு மூணு மடங்கா மனசுல வச்சுக்கணும். அலுமினிய ரிம் இதவிட எவ்வளவோ மேலு, பழைய வண்டிய சரி பண்ற யாரும் மத்த எதுக்கும் காசு போடலன்னாலும் இதுக்குப் போடுங்க. நான் 2018ல மாத்துனேன், பழைய இரும்பு ரிம்ம வீட்டுல தொங்க விட்டு வச்சிருக்கேன்.

டயர் இன்னும் கெடைக்குதா? நான் 26ன்னு சொல்லி வாங்குனது ரிம்முல ஏற மாட்டேங்குது.

கெடைக்கும், ஆனா 26ன்னு மட்டும் சொன்னா இப்படித்தான் ஆகும். 26 இஞ்ச்னு பேர்ல ஒண்ணுக்கு மேல சைஸ் இருக்கு. எம்டிபிக்கு உள்ளது 26 x 1.95, 26 x 2.125 அப்படின்னு புள்ளி போட்டு எழுதியிருக்கும், அது உக்கார்ற ரிம் விட்டம் 559 மி.மீ. 26 x 1 3/8ன்னு பின்னமா எழுதியிருக்குறது வேற சைக்கிளுக்கு, அது 590 மி.மீ. ரெண்டும் 26தான், ஆனா ஒண்ணு இன்னொண்ணுல சேராது. அதனால டயர் ஓரத்துல சின்னதா 50-559 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அந்தக் கடைசி மூணு எண்ண பாத்து வாங்குங்க, இல்லன்னா பழைய டயரையே கையில எடுத்துட்டுப் போங்க. கம்பெனிக்காரங்க இப்ப 27.5க்கும் 29க்கும் போயிட்டாங்க, அதுக்கு 584, 622. ஆனாலும் 559 டயர் நாரோயில்லயும் (நாகர்கோவில்) மார்த்தாண்டத்துலயும் தேடுனா கெடைக்காம இருக்காது.

துரு பிடிக்காம எப்படி இவ்வளவு வருஷம் வச்சிருக்கீங்க?

பிடிக்கத்தான் செய்யும். நமக்கு மழை வருஷத்துல ரெண்டு தடவ, இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும், நடுவுல காஞ்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துரும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் இருக்குறவங்களுக்கு உப்புக்காத்து வேற, அங்க ஒரு தடவ போயிட்டு வந்தாலே நான் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி காய வச்சு துடைச்சிருவேன்.

மேல தெரியுற துருவ பாத்து பயப்படாதீங்க, உப்புத்தாள் போட்டா போயிரும். பயப்பட வேண்டியது உள்ள பிடிக்கிறது. சீட்டுக் கம்பி வழியா தண்ணி எறங்கி பெடல் மாட்டுற கிராங்க் இருக்குற குழாய்ல போயி தேங்கும், அங்கதான் ஃப்ரேம் உளுத்துப் போகும். வருஷத்துக்கு ஒரு தடவ சீட்டுக் கம்பிய முழுசா உருவி, துடைச்சு, கிரீஸ் தடவி திரும்பப் போடுங்க, ஹேண்டில் கம்பிக்கும் அப்படியே. இல்லன்னா துரு பிடிச்சு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பொறவு எந்த மெக்கானிக் வந்தாலும் கழட்ட முடியாது. செயினுக்கு எண்ணெ விட்டா மேல வழியுறத துடைச்சு எடுங்க, கண்ணி உள்ளதான் எண்ணெ வேணும், வெளிய இருந்தா செம்மண்ண வாரி ஒட்டிக்கும்.

எங்க வீட்டு விறகுப்புரையில ஒண்ணு கெடக்கு, சரி பண்ண முடியுமா?

இந்தக் கேள்விய கேக்குறவங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும். மொதல்ல ஃப்ரேம பாருங்க, தலகீழா போட்டு கிராங்க் குழாயச் சுத்தி, பின் சக்கரத்துக்குப் போற கம்பிங்க சேருற எடம், ஹேண்டில் குழாய் சேருற எடம், அங்க எல்லாம் வெல்டிங் ஓரத்துல கீறல் இருக்கான்னு துடைச்சுப் பாருங்க. ஸ்குரூடிரைவர் முனையால துரு பிடிச்ச எடத்த குத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா அது முடிஞ்சுது, வருத்தமா இருந்தாலும் ஓட்டாதீங்க. போகலன்னா மத்தது எல்லாம் சாதாரணம்.

செயின அளக்க ஒரு வழி இருக்கு. புதுசுல ஒரு அடிக்குள்ள 12 முழு கண்ணி சரியா நிக்கும். ஸ்கேல வச்சுப் பாக்கும்போது பின்னு ஒரு இஞ்சுல பதினாறுல ஒரு பங்கு தள்ளி நின்னா செயின மாத்தணும், எட்டுல ஒரு பங்கு தள்ளி நின்னா பல்சக்கரமும் தேஞ்சிருக்கும், ரெண்டையும் சேத்தே மாத்திருங்க, புது செயின பழைய பல்லுல போட்டா வழுக்கும்.

பெடல் போடும்போது ஒவ்வொரு சுத்துக்கும் டக்குன்னு ஒரு சத்தம் வந்தா, கிராங்க அச்சோட இறுக்கிப் பிடிக்கிற காட்டர் பின் தளந்திருக்கு. சின்ன சாமான்தான், ஆனா தளர விட்டு ஓட்டுனா கிராங்க் ஓட்டையே பெருசாயிரும். புதுசு போடும்போது ரெண்டு பின்னும் எதிரெதிரா பாத்து நிக்கணும், அடியில கனமான இரும்பு முட்டுக் குடுத்து அடிக்கணும், இல்லன்னா அடி முழுக்க பால்ஸ் ஓடுற கப்புல எறங்கும். இத எனக்கு சொல்லித் தந்தது எங்க ஊரு சைக்கிள் கடை மாமா. அவரு கடை மூடி வருஷம் ஆயிப்போச்சு, அந்த சுத்தியல எனக்குத் தந்துட்டாரு.

முழு ஓவராயில் பண்ணா ஆகுற காச முன்னாடியே கேட்டுக்கோங்க. வயசான மெக்கானிக்கா பாத்துக் குடுங்க, அவங்களுக்கு இந்த வண்டி மேல இன்னும் பாசம் இருக்கு.

இந்தக் காசுக்கு ஒரு புது கீர் சைக்கிள் வாங்கலாம்ல?

வாங்கலாம், நல்ல வண்டிங்க இருக்கு, டிஸ்க் பிரேக் மழையில பிடிக்குற பிடிய என் வண்டி கனவுலயும் பிடிக்காது. என் மகளுக்கு அதத்தான் வாங்கிக் குடுத்தேன். ஏத்தத்துல அவ என்ன தாண்டிப் போயிருவா. ஆனா கீர் அட்ஜஸ்ட்மென்ட் கெட்டா அவ நாரோயில் போகணும், எனக்கு ரெண்டு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் போதும்.

விப்பீங்களா?

இல்ல. பழைய இரும்புக்காரர் கேக்குற மாதிரி கிலோ கணக்குல கேக்காதீங்க, மனசு வலிக்குது.

அண்ணன் இப்ப எங்க? திரும்ப ஓட்டுனாங்களா?

இன்னும் அங்கதான் இருக்கான், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவு. போன தடவ வந்தப்ப மூணாம் நாள் காலையில எழும்பிப் பாத்தா முத்தத்துல வண்டிய காணல. அம்மா "அவன் எடுத்துட்டுப் போயிருக்கான்"னாங்க. முட்டுவலி உள்ள ஆளு, சுகர் வேற, எனக்கு ஒரே பதட்டம். ஒரு மணிக்கூறு கழிச்சு வந்தான், சட்ட முழுக்க வேர்வை, கேரியர்ல ஒரு குலை பாளையங்கோட்டான் வாழப்பழம். எங்க போனன்னு கேட்டா "சும்மா தொட்டிப் பாலம் வரைக்கும்"னான். சீட்டு அவன் கீறல்ல நின்னுச்சு. குனிஞ்சு செயின ரெண்டு விரலால தூக்கிப் பாத்து, "லூசா கெடக்கு, எண்ணெயும் இல்ல, என்னத்த பாக்க நீ"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு, ஸ்பேனர எடுத்து சீட்ட என் கீறலுக்கு எறக்கி வச்சிட்டுத்தான் சாப்பிட வந்தான்.

வெள்ளிக்கெழம அவனுக்கு லீவு, அன்னைக்குத்தான் வீடியோ கால். அம்மா சாப்பிட்டாங்களான்னு கேப்பான், பொறவு போன முத்தத்துக்கு கொண்டு போகச் சொல்லி செயின காட்டச் சொல்லுவான்.